கேள்விக்கு ஓர் இல்லம்



பருவம் எய்திய பிள்ளைகள் தங்கள் உடலைப் பற்றியும், பாலுறவைப் பற்றியும், மகப்பேற்றைப் பற்றியும் ஐயம் தெளிந்துகொள்வதற்கென்றே ஊர்தோறும் ஒரு நிலையம் இருத்தல் வேண்டும் என்னும் கருத்து உலகில் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நிலைபெற்றது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும். "தலை நரைத்த பள்ளி ஆசிரியருக்கு இப்பொருளில் என்ன வேலை?" என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பிள்ளைகளிடையே வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்கூடம் எதைக் கற்பிக்க வல்லது என்பதையும், எதைக் கற்பிக்க இயலாது நிற்கிறது என்பதையும் ஓரளவு அறிவேன். அந்த அனுபவமே இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

பிள்ளைக்கு உடலைப் பற்றி ஓர் ஐயம் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கேட்பதற்கு அதற்கு உள்ள இடங்கள் மூன்று: வீடு, பள்ளி, தெரு. 'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் இப்பொருளில் தந்தை மகனுக்குத் தோழனாவதில்லை; மகள் வளர வளரத் தாய் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்கிறாளேயன்றி வாய் திறப்பதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இனப்பெருக்கம் பற்றிய பாடம் இருக்கிறது. அப்பாடம் வரும்போது, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடும் பள்ளிகள் பல. வீடு பள்ளியைக் காட்டுகிறது. பள்ளி வீட்டைக் காட்டுகிறது. எஞ்சியிருப்பது தெருவே.

தெரு ஒருபோதும் விடை மறுப்பதில்லை. நான் தலைமையாசிரியனாக இருந்த ஊரில் விடுதி மாணவன் ஒருவன், உதவித்தொகைப் பணத்தை மாதக்கணக்கில் சேர்த்துவைத்து, குறிப்பிட்ட தேதியில் நகரத்து லாட்ஜில் வந்து தங்கும் ஒரு வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். சொப்பன ஸ்கலிதம் பெருநோய் என்றும், நரம்புத் தளர்ச்சி உண்டாகி இல்வாழ்க்கைக்கே தகுதியற்றுப் போவான் என்றும் சுவரொட்டிகள் அவனை அச்சுறுத்தியிருந்தன. வளரும் ஆண்பிள்ளைகளுக்கு இயல்பாக நிகழ்வதே அது. அவன் லாட்ஜுக்குக் கொண்டு சென்றது நோயன்று, ஒரு கேள்வி. அக்கேள்விக்கு விடை சொல்ல ஊரில் ஓர் இடம் இல்லாமையால், அதைக் காசாக்கத் தெரிந்தவன் கையில் அது சிக்கியது. இன்று சுவரொட்டியின் வேலையைக் கைப்பேசியும் சேர்ந்து செய்கிறது, அவ்வளவே வேறுபாடு.

வீடும் பள்ளியும் தெருவும் அல்லாத நான்காவது இடம் ஒன்று வேண்டும் என்று முதன்முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர், நோர்வே நாட்டிற் பிறந்த ஒரு பெண்மணி. எலிஸ் ஓட்டெசன் யென்சன் என்பது அவர் பெயர். 1886-ஆம் ஆண்டு ஒரு பாதிரியாரின் இல்லத்தில், பதினெட்டு மக்களுள் பதினேழாவதாகப் பிறந்தார். அவருடைய தங்கை மணமாகாத நிலையில் கருவுற்றாள். குடும்பத்துக்கு இழுக்கு வாராமற் காக்கும்பொருட்டு அப்பெண்ணை டென்மார்க் நாட்டுக்கு அனுப்பினர். அங்கே மறைவில் மகவு பிறந்தது. அம்மகவு தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது. அந்தத் துயரிலிருந்து அவள் மீளவே இல்லை. பிள்ளை எவ்வாறு பிறக்கும் என்று அவளுக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. தமக்கையின் வாழ்நாட் பணிக்கு அதுவே வித்தாயிற்று.

பின்னர் அவர் சுவீடன் நாட்டுக்குக் குடியேறித் தொழிலாளர் பத்திரிகைகளில் எழுதினார். 'ஓட்டார்' என்னும் புனைபெயரே அவருக்கு ஊரறிந்த பெயராயிற்று. 1920-களில் சுவீடனின் வட கோடி வரையில் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவு ஆற்றினார். கருத்தடைப் பொருள்களைப் பற்றிப் பொதுவில் விளம்பரம் செய்வதையும் விளக்குவதையும் தடை செய்த 1910-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது அந்நாட்டில் நடைமுறையில் இருந்தது. அச்சட்டத்துக்கு அஞ்சாமல் அவர் பேசினார். அவருடைய கூட்டங்களில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மேடைப் பேச்சு முடிந்த பின்னரே உண்மையான பணி தொடங்கும். தொழிலாளரின் மனைவியர் ஒவ்வொருவராக அவரைத் தனியே அணுகி, சபையிற் கேட்க இயலாததைக் கேட்பர். கருப்பையின் வாயை மறைக்கும் இரப்பர் மூடியை எவ்வாறு பொருத்திக்கொள்வது என்பதை அவர் தனியறையிற் கற்பிப்பார். பொதுவிற் சொல்லத்தக்கது ஒன்று, தனிமையிற் கேட்கத்தக்கது மற்றொன்று என்னும் பாகுபாட்டை அப்பெண்டிர் அவருக்குக் கற்பித்தனர் என்றே நான் கருதுகிறேன்.

1933-ஆம் ஆண்டு, மருத்துவர் சிலரும் தொழிற்சங்கங்களும் துணைநிற்க, சுவீடன் பாலியற் கல்விச் சங்கத்தை அவர் நிறுவினார். எல்லாப் பள்ளிகளிலும் பாலியற் கல்வி, மக்கள் தயக்கமின்றி அணுகத்தக்க ஆலோசனை நிலையங்கள், 1910-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீக்கம் ஆகியவை அச்சங்கத்தின் கோரிக்கைகளுள் முதன்மையானவை. அச்சட்டம் 1938-இல் நீக்கப்பெற்றது. 1942-இல் பள்ளிகளிற் பாலியற் கல்வி பரிந்துரைக்கப்பட்டது. 1955-இல் அது கட்டாயப் பாடமாயிற்று. உலகிலேயே முதன்முதலாக இவ்வாறு செய்த நாடு சுவீடன்தான்.

ஓட்டாரின் போராட்டம் இத்துடன் வெற்றி பெற்றுவிட்டது என்றுதான் எவரும் எண்ணுவர். பாடத்திட்டத்தில் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைப்பது எங்கள் ஆசிரிய இனத்தின் இயல்பு. ஆனால் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. கட்டாயப் பாடம் வந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின், பள்ளிக்கு வெளியே தனி நிலையம் ஒன்று அதே நாட்டில் தோன்றியது. பாடம் இருக்க நிலையம் எதற்கு?

வகுப்பறையின் இயல்பை அறிந்தவர்க்கு விடை எளிது. முதலாவதாக, வகுப்பில் ஒரு பிள்ளை வாய்திறந்து கேட்டால் நாற்பது செவிகள் அதைக் கேட்கின்றன. கேள்வியைக் கொண்டே கேட்டவனை அறிந்துகொள்ளும் பொருள் இது. இரண்டாவதாக, மதிப்பெண்ணும் நன்னடத்தைச் சான்றிதழும் ஆசிரியர் கையில் இருக்கின்றன. தன்னை அளந்து எழுதுபவரிடம் எந்தப் பிள்ளை தன் அச்சத்தைத் திறந்து காட்டும்? மூன்றாவதாக, பாடத்துக்கு ஒரு தேதியுண்டு. துன்பத்துக்குத் தேதி கிடையாது. ஜூலை மாதத்தில் நடத்திய பாடம், டிசம்பர் மாதத்து இரவில் அழும் பெண்ணுக்கு எட்டுவதில்லை. நான்காவதாக, ஆசிரியர் சோதித்துப் பார்க்கவும் மருந்து தரவும் உரிமையுடையவர் அல்லர். ஆகவே பள்ளி அறிவைத் தரலாம்; கேள்வியைப் பெற்றுக்கொள்வதற்கு வேறோர் இல்லம் வேண்டும்.

அத்தகைய முதல் இல்லம் 1970-ஆம் ஆண்டு சுவீடனின் டாலர்னா மாகாணத்தில், போர்லெங்கே என்னும் தொழில் நகரத்தில் திறக்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் குஸ்தாவ் ஹேக்பெரி என்னும் குழந்தை மருத்துவர். 'இளைஞர் நிலையம்' என்னும் பொருள்படும் எளிய பெயரே அதற்கு இடப்பட்டது. 1974-இல் இயற்றப்பெற்று 1975-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கருக்கலைப்புச் சட்டத்தையொட்டி, கருக்கலைப்புக்கு இடமே நேராமல் முன்கூட்டிக் காப்பதில் அந்நாட்டு அரசு பெரிதும் முனைந்தது. அம்முனைப்பால் இளைஞர் நிலையங்கள் பெருகின. 1988-இல் அவை தமக்கெனப் பொதுச்சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டன. இன்று அந்நாடெங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் பணிபுரிகின்றன.

அவை நடைபெறும் முறை எளியது. அங்கே முதன்மையானவர் மருத்துவர் அல்லர், மருத்துவச்சி. அவருடன் சமூக ஆலோசகர் ஒருவர், சில இடங்களில் உளநூல் வல்லுநர் ஒருவர், குறிப்பிட்ட நாள்களில் மருத்துவர் ஒருவர் எனச் சிறு குழுவே நிலையத்தை நடத்துகிறது. பதின்மூன்று வயது முதல் இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகள் வரையிலும் ஆணும் பெண்ணும் அங்கே செல்லலாம். கட்டணம் இல்லை. மாதவிலக்கு வலி, கருத்தடை, பால்வினை நோய்ச் சோதனை, மனச்சோர்வு, காதல் முறிவு, வீட்டுச் சண்டை என எதற்கும் செல்லலாம். பள்ளியில் எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளை ஆசிரியரே ஒருமுறை வரிசையாக அந்நிலையத்துக்கு அழைத்துச் சென்று காட்டுகிறார். அன்று எவரும் தம் துன்பத்தைச் சொல்வதில்லை. வழியையும் வாயிலையும் மருத்துவச்சியின் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். பின்னொரு நாள் தேவை நேரும்போது, தெரிந்த வாயிலில் தனியே நுழைவது எளிதாகிறது. பள்ளியையும் நிலையத்தையும் இணைக்கும் இவ்வேற்பாட்டைப் போலச் சிறந்த ஆசிரிய உத்தி வேறொன்றை நான் கண்டதில்லை.

இனிப் பிரிட்டனைக் காண்போம். அங்கே குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் நிலையங்கள் நெடுங்காலமாக இருந்தன. ஆனால் மணமானவர்க்கும் மணம் நிச்சயிக்கப்பட்டவர்க்கும் மட்டுமே அவற்றின் கதவு திறக்கும். 1958-இல் மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் காலமானதைத் தொடர்ந்து, அவர் நிறுவிய இலண்டன் நிலையத்தை நடத்தும் பொறுப்பு ஹெலன் புரூக் என்பவரிடம் வந்தது. மணமாகாத பெண்களுக்கென மாலை வேளையில் அவர் தனியே ஒரு பொழுதை ஒதுக்கினார். அதை வெளியே பறைசாற்றவில்லை. 1964-இல் தனி நிலையமே கண்டார். 'புரூக் ஆலோசனை நிலையம்' என்னும் அவ்வமைப்பு பின்னர் வேறு நகரங்களுக்கும் பரவியது. 1967-ஆம் ஆண்டுச் சட்டம், மணமானவரா அல்லரா என்று கேளாமலே ஆலோசனை வழங்க உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் தந்தது. 1974-இல் தேசியச் சுகாதாரப் பணித்துறை கருத்தடையை யாவர்க்கும் இலவசமாக்கியது.

இவ்வரலாற்றில் மிகுதியும் சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி இதன் பின்னரே வருகிறது. பதினாறு வயது நிரம்பாத பெண்ணுக்கு, அரிதான சூழ்நிலையில், பெற்றோர்க்குத் தெரிவியாமலே மருத்துவர் கருத்தடை ஆலோசனை வழங்கலாம் என்று 1980-இல் அரசு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. விக்டோரியா கில்லிக் என்னும் தாயார் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவர் பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களுள் ஐவர் பெண்கள். "என் மகளைப் பற்றி எனக்குத் தெரியாமல் பிறர் முடிவு செய்வதா?" என்பதே அவருடைய வழக்கின் சாரம். அது தாயொருத்தியின் நேர்மையான கேள்வி. அதை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. 1984 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பிரபுக்கள் சபை, மூவர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையில், அத்தீர்ப்பை மாற்றியது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறக்குறையப் பத்து மாதங்கள். அந்நாள்களில் பதினாறு வயதுக்குட்பட்டோர் நிலையங்களுக்கு வருவது பெரிதும் குறைந்தது. வீட்டுக்குச் செய்தி போகும் என்று கேள்வியுற்ற பிள்ளைகள் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்வதற்கு முன் வாயிலைத் தவிர்த்தனர். மருத்துவச்சி இருந்தார், மருந்து இருந்தது, கட்டடம் இருந்தது. நம்பிக்கை ஒன்றே இல்லை. அது இல்லாதபோது மற்றவை யாவும் பயனற்றுப் போயின. ஒரு நிலையத்தின் அடித்தளம் எது என்பதை இதனினும் தெளிவாக விளக்கும் சான்று வேறில்லை.

பிரபுக்கள் சபையின் தீர்ப்பு பெற்றோரைப் புறக்கணித்தது என்று நினைத்தல் தவறு. பெண் விஷயத்தை விளங்கிக்கொள்ளும் அறிவு உடையவளாக இருத்தல் வேண்டும். பெற்றோரிடம் சொல்லுமாறு மருத்துவர் அவளை வற்புறுத்திப் பார்க்க வேண்டும். அவள் இணங்கவில்லையெனில், ஆலோசனை இன்றி அவள் உடல்நலமோ மனநலமோ கெடும் என்று கண்டால் மட்டுமே உதவலாம் என்று பிரேசர் பிரபு நெறிமுறை வகுத்தார். சுவீடன் நிலையங்களிலும் இரகசியத்துக்கு எல்லை உண்டு. ஒரு பிள்ளை கொடுமைக்கு உள்ளாகிறது என்று ஐயம் எழுந்தால், சமூக நலத்துறைக்கு அறிவிப்பது அங்கே பணியாளரின் சட்டக் கடமை. இரகசியம் காத்தல் வேறு, குற்றத்தை மூடுதல் வேறு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இப்பொருள் மேனாட்டார் நமக்குக் கொண்டுவந்த புதுமை என்று சிலர் பேசுவர். அது வரலாற்றுக்கு ஒவ்வாது. மேரி ஸ்டோப்ஸ் இலண்டனில் நிலையம் திறந்த அதே 1921-ஆம் ஆண்டில், ரகுநாத் தோண்டோ கார்வே என்னும் கணிதப் பேராசிரியர் பம்பாயில் கருத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பெண்கல்விக்குப் பாடுபட்ட மகரிஷி கார்வேயின் மைந்தர் அவர். இக்கொள்கைக்காகத் தம் கல்லூரிப் பதவியை இழந்தார். 1927 முதல் 'சமாஜ ஸ்வாஸ்த்ய' என்னும் மராத்தி இதழைத் தாமே நடத்தினார். வாசகர்கள் தங்கள் உடலைப் பற்றி எழுதிக் கேட்ட ஐயங்களுக்கு அவ்விதழில் விடை அளித்தமைக்காக 1934-இல் அவர்மீது ஆபாச வழக்குத் தொடரப்பட்டது. அவருக்காக வாதாட முன்வந்தவர் டாக்டர் அம்பேத்கர். வழக்கு தோற்றது, இதழ் நிற்கவில்லை. 1953-இல் கார்வே மறையும் வரை அது வெளிவந்துகொண்டிருந்தது. ஓட்டாரைப் போலவே அவரும் பிறர் கேள்வியை ஏற்றுக்கொண்ட காரணத்தால் துன்புற்றவர்.

தமிழகத்திலும் பெரியார் ஈ. வெ. ரா. 1930-களிலேயே கருத்தடையைப் பெண் விடுதலைக்கு உரிய கருவியாக வலியுறுத்தினார். மக்கட்பெருக்கத்தையும் வறுமையையும் காரணமாகக் காட்டிப் பிறர் பேசிய காலத்தில், தன் உடல்மீது பெண்ணுக்குள்ள உரிமையை அவர் காரணமாகக் காட்டினார். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த தன்வந்தி ராமராவ் அம்மையார் 1949-இல் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவினார். 1952 நவம்பரில் அவருடைய முயற்சியால் பம்பாயில் அனைத்துலக மாநாடு கூடியது. எட்டுச் சங்கங்கள் ஒன்றுகூடி உலகக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சம்மேளனத்தை அங்கேதான் தோற்றுவித்தன. அதைத் தோற்றுவித்தவர்களுள் சுவீடனின் ஓட்டாரும் ஒருவர். 1959 முதல் நான்காண்டு அதன் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். டாக்டர் மகிந்தர் வத்சா என்பாரின் தூண்டுதலால் 1970-களில் இந்தியச் சங்கம் பாலியற் கல்விக்கும் ஆலோசனைக்கும் உரிய தனி நிலையத்தைப் பம்பாயிற் கண்டது. 2020-ஆம் ஆண்டு மறையும் வரையில் அம்மருத்துவர் நாளிதழ் வாயிலாகவும் வாசகர்களின் ஐயங்களுக்கு விடையளித்துவந்தார்.

எனினும் நம் நாட்டிற் பெரும்பான்மையான முயற்சிகள் மணமான பெண்களையே நோக்கின. மணமாகாத இளைஞர் எவர் கண்ணிலும் படவில்லை. 2005-ஆம் ஆண்டு மத்திய அரசு பள்ளிகளுக்கென வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை வகுத்தது. 2007-இல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதை நிறுத்திவைத்தன. "இக்கல்வி பிள்ளைகளைக் கெடுத்துவிடும்" என்பதே எதிர்த்தோரின் அச்சம். உலக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், இக்கல்வியால் பிள்ளைகள் பாலுறவில் முந்துவதில்லை என்று உறுதிப்படுத்துகிறது. கூறாமல் விடுவதாற் பிள்ளைகள் காக்கப்படுகிறார்களா என்பதை நம் கணக்கெடுப்பே சொல்லும். 2019–21-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 100-க்கு 23 பேர் 18 வயது நிறையுமுன் மணம் செய்விக்கப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் இத்தொகை ஏறக்குறைய 13. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் 100-க்கு 6 பேருக்கு மேல் அப்போதே தாயாகவோ கருவுற்றோ இருந்தனர்.

2014 ஜனவரி மாதம் மத்திய அரசு தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தைத் தொடங்கியது. 10 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு உரியது அது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அவ்வயதினர் நம் நாட்டில் 25 கோடிப் பேர். ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வளரிளம் பருவத்தினர்க்கான தனிப் பிரிவுகளை அமைக்கவும், ஊர்ப் பிள்ளைகளிலிருந்தே தோழமைக் கல்வியாளரைத் தேர்ந்தெடுக்கவும் அத்திட்டம் வழிசெய்கிறது. ஊட்டம், மனநலம், போதைப்பொருள் விலக்கு முதலியவற்றோடு இனப்பெருக்க நலத்தையும் சேர்த்தே வைத்தது அதன் நுட்பம். இரத்தசோகைக்கு மாத்திரை வாங்க வந்த பெண், மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, போகும்போது வாயிற்படியில் நின்று வேறொன்றையும் கேட்பாள். எங்கள் தொழிலிலும் உண்மையான கேள்விகள் மணியடித்த பின்னரே வரும்.

ஆனால் மேலே கண்ட வரலாறு நமக்குத் தரும் படிப்பினைகளைக் கொண்டு இப்பிரிவுகளை நோக்குதல் வேண்டும். நிலையத்தின் பெயர் வருவோரைக் காட்டிக்கொடுப்பதாக இருத்தலாகாது. நம் ஊர்களில் பெண்பிள்ளை மாலையில் எங்கே சென்றாள் என்பதற்கு வீட்டில் விடை சொல்லியாக வேண்டும். ஆதலின் நூலகத்தோடோ, தையல் வகுப்போடோ, தட்டச்சுப் பயிற்சியோடோ அடுத்த அறையாக நிலையம் அமைவது தக்கது. பள்ளி நடக்கும் வேளையில் மட்டும் திறந்திருக்கும் நிலையம் பள்ளிப் பிள்ளைக்குப் பயன்படாது. பள்ளி விட்டபின் இருள் சூழுமுன் ஒரு மணி நேரமாவது திறந்திருத்தல் வேண்டும். ஊரில் எல்லோர்க்கும் உறவினராகிய ஒருவரை ஆலோசகராக அமர்த்துவது பிழை. ஆண்பிள்ளைக்கு ஆணும் பெண்பிள்ளைக்குப் பெண்ணும் இருத்தல் நலம். பெயரெழுதும் பதிவேடு மேசைமேல் விரிந்து கிடத்தலாகாது. வந்தவரை முதலிற் கேட்கும் கேள்வி, "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்பதாக இருந்தால், அதுவே அப்பிள்ளையின் கடைசி வருகையாகிவிடும்.

இங்கே ஒரு பெருஞ்சிக்கல் உள்ளது. பாலியற் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டுக்கு மிகவும் தேவையானது. அச்சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் அதை அறிவித்தாக வேண்டும் என்கிறது. அறிவியாதவர்க்குத் தண்டனையும் உண்டு. கொடியவனிடம் சிக்கிய குழந்தைக்கு இது அரண். ஆனால் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தான் விரும்பிய சம வயதினன் ஒருவனால் கருவுற்று அஞ்சி வந்தாலும், ஆலோசகர் காவல்துறைக்கே அறிவிக்க வேண்டியவராகிறார். கருக்கலைப்பை நாடும் இளவயதுப் பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தாம் அளிக்கும் தகவலில் அவளுடைய பெயரை வெளியிட வேண்டுவதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது ஓரளவு ஆறுதல். 2024 செப்டம்பரில் வேறொரு வழக்கில், விரிவான பாலியற் கல்வித் திட்டங்களை வகுப்பது பற்றி அரசு கருத வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் கூறியது.

ஆலோசகர் சட்டத்தை மீறவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதை மறைத்து வைக்க இயலும், எதை மறைக்க இயலாது என்பதை முதற்சந்திப்பிலேயே, பிள்ளை வாய் திறக்கும் முன்பே, எளிய சொற்களில் எடுத்துக் கூறிவிட வேண்டும் என்கிறேன். இரகசியம் காப்பதாக வாக்களித்துப் பின்னர் வெளியிடுவதைக் காட்டிலும், காக்க இயலாததை முன்னரே உரைப்பது மேலானது. ஏமாற்றப்படாத பிள்ளை மீண்டும் வரும்.

பெற்றோராகிய நேயர்களுக்கு ஒரு சொல். இத்தகைய இல்லம் உங்கள் உரிமையைப் பறிக்க வருவதன்று. உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்க நாணுகிறது. நீங்களும் சொல்ல நாணுகிறீர்கள். அந்நாணம் நம் இரத்தத்தில் ஊறியது. ஒரு சொற்பொழிவால் அது அகன்றுவிடாது. அகலும் வரையில் பிள்ளை எங்கே கேட்கும் என்பதே வினா. கடமை அறிந்த ஆலோசகர், "அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இருவரும் சேர்ந்து யோசிப்போமா?" என்று தொடங்குவார். பிரேசர் பிரபு வகுத்த நெறியும் இதுவே. அவ்வாறு சொல்லப் பழகிய பெண் ஒரு நாள் மாலை தானாகவே தாயின் அருகில் வந்து அமர்வாள்.

ஓட்டாரின் தங்கைக்கு அத்தகைய மாலை வாய்க்கவில்லை. அவள் கேட்க நினைத்ததைக் கேட்பதற்குத் தந்தையின் வீட்டிலோ, அவர் போதித்த கோயிலிலோ, ஊர்ப் பள்ளியிலோ இடம் இருக்கவில்லை. நம் ஊர்களில் நூலகத்துக்கு அடுத்த அறை ஒன்று வெறுமையாகக் கிடக்கக்கூடும். அவ்வறைக்கு வேண்டுவன இரண்டு நாற்காலிகள், ஒரு திரைச்சீலை, கேட்டதை வெளியிற் சொல்லாத ஒரு மனிதர். ஊராட்சியும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் மனம் வைத்தால் இவற்றைத் தேடித் தருவது அரிய காரியமன்று.